பண்ட் பட்டியலில் ஏழு இடம்

சென்ற மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒஸ்லோவில் நான் ஒன்பது வருடம் வேலை செய்த கல்லூரியின் பெண்கள் சொஃப்ட்போல் அணிக்கு இப்போது அவள்தான் மட்டைப் பயிற்சியாளர். மட்டையின் நுனியில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். வீசுகிற வேகத்தையும் கோணத்தையும் அது கைபேசிக்கு அனுப்பிவிடுமாம். "இதெல்லாம் இல்லாமல் நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்? உங்களுடைய கோட்பாடு என்ன? இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம்" என்றாள்.

கோட்பாடாம். என்னிடம் இருந்தது ஒரு வாளி பந்து, இரண்டு கிலோ கொண்டைக்கடலை, அதற்கு மேல் நிறையக் கோபம். அவள் கேட்டது நோர்வே மொழியில். நான் முதலில் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் என்னை நானே ஏசிக்கொள்ள எனக்குத் தமிழ்தான் வசதி. மொழிபெயர்ப்பை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவள். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடினேன். மூங்கில் தடி, ரெனிஸ் பந்து, சுற்றி ஓட நாலு இடம். எண்பதுகளில் நோர்வேக்கு வந்து ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் இரண்டரை வருடம் கத்தியோடு நின்றேன். மணிக்கட்டுக்குப் பலம் அங்கேதான் வந்தது. பிறகு ஒஸ்லோவில் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பு. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு பெண் மட்டையோடு நிற்கிற படத்தைப் பார்த்து, அட நம்முடைய எல்லே என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாளே ஓர் அடி நன்றாக விழுந்தது. ஓடினேன். பந்தைப் பொறுக்கியவள் எறிய ஓங்கியதும் நான் குனிந்து, நெளிந்து, பாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் ஓடிவிட்டேன். எல்லேயில் ஓடுகிறவளின் உடம்பில் பந்தால் எறிந்துதான் ஆட்டமிழக்கச் செய்வார்கள். இங்கே முதல் தளத்தில் நிற்கிறவளின் கைக்கு எறிந்தால் காரியம் முடிந்தது. எனக்கு அது தெரியாது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பந்தைக் கண்டால் நெளிகிற அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு கோடை காலம் முழுவதும் தேவைப்பட்டது. பத்து வருடம் விளையாடினேன். முழங்கால் போன பிறகு, இரண்டாயிரமாம் ஆண்டளவில், மட்டைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். பகலில் ரொம்சோஸில் பாலர் பள்ளி, மாலையில் இது. என்ன வேலை செய்தாய் என்று யாரும் கேட்டால் மாலையில் செய்ததைத்தான் இன்றும் சொல்கிறேன்.

பழக்குகிற முறையைக் கேட்டாளே, சொல்கிறேன். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெளியே பனி. கல்லூரியின் உடற்பயிற்சி மண்டபத்தில் பாதியை வலை போட்டுப் பிரித்துத் தருவார்கள். மற்றப் பாதியில் கைப்பந்துக்காரர் கத்திக்கொண்டிருப்பார்கள். முதலில் ரப்பர் கம்பத்தின் மேல் வைத்த பந்தை ஆளுக்கு முப்பது அடி. கம்பத்தை அல்ல, பந்தை. இதை நான் ஒன்பது வருடம் சொன்னேன். இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், முன் கால் மெதுவாக வைக்க வேண்டும், இடுப்புத்தான் முதலில் திரும்ப வேண்டும், கை பிறகு வர வேண்டும். இரண்டாவதாக, வலைக்குப் பின்னால் இருந்து நான் பந்தைத் தூக்கிப் போடுவேன். மூன்றாவதுதான் கடலை. கூட்டுகிற தும்புத்தடியின் பிடியை மட்டும் கையில் கொடுத்து, கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எறிந்து, ஒவ்வொன்றுக்கும் "அடி!" என்று கத்துவேன். கடலையை அடித்துப் பழகியவளுக்கு மே மாதம் பந்து பலாப்பழம் மாதிரித் தெரியும். கருவி கிருவி ஒன்றும் வேண்டாம்.

கட்டடக் காவலருக்குத்தான் பிடிக்கவில்லை. கைப்பந்துக்காரர் கடலையில் சறுக்குகிறார்கள் என்று கடிதம் எழுதினார். அதற்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்னே என்ன செய்தார் தெரியுமா? கடலை பொறுக்குகிறவர்களின் முறைப் பட்டியல் ஒன்று அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டினார். முதல் பெயர் என்னுடையது.

ஆர்னேயைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. நீண்ட, மெலிந்த மனிதர். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் தேர்மோசைத் திறந்து கோப்பி ஊற்றுவார். ஒரு யோசனை பிடிக்கவில்லை என்றால் "சுவாரசியமாக இருக்கிறது" என்பார். அதற்குப் பிறகு அந்த யோசனையை யாரும் காண முடியாது. நோர்வேக்காரர் டுக்நாட் என்று சொல்வார்களே, எல்லாரும் சேர்ந்து சும்மா செய்து கொடுக்கிற வேலை, அதில் ஆர்னேக்கு இருந்த பக்தி எங்கள் பங்குச் சுவாமியாருக்குச் செபமாலையில் கூட இல்லை. வாஃபிள் சுடுவதற்குப் பட்டியல், கோடு போடுவதற்குப் பட்டியல், சட்டை துவைப்பதற்குப் பட்டியல். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் புல்லில் வட்டமாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதினேழு ஓட்டத்தால் தோற்ற நாளிலும் சொல்லியிருக்கிறோம்.

இவையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது பண்ட் பட்டியல்.

பண்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: மட்டையை வீசாமல், பந்துக்கு முன்னால் குறுக்கே பிடித்து, அதைக் காலடியில் செத்த பந்தாக விழுத்துவது. அடித்தவள் பெரும்பாலும் ஆட்டமிழப்பாள். ஆனால் ஏற்கனவே தளத்தில் நிற்கிறவள் அந்த நேரத்துக்குள் அடுத்த தளத்துக்குப் போய்விடுவாள். தன்னைக் கொடுத்து இன்னொருத்தியை முன்னேற்றுவது. எந்த நேரத்தில் யார் செய்ய வேண்டும் என்பது ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கிற விஷயம். ஆர்னே அதற்கும் முறை வைத்தார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு மட்டை பலமில்லாத இரண்டு பிள்ளைகளுக்கே எப்போதும் பண்ட் விழுந்தது. அதில் ஒருத்தி அழுதுகொண்டு அணியை விட்டே போய்விட்டாள். அதனால் இனி எல்லாருக்கும் சமமாக, பெயர் வரிசையில். பந்தை மரங்களுக்கு மேலால் அடிக்கக்கூடியவளும் தன் முறை வந்தால் பண்ட் பிடிக்க வேண்டும். "இது விளையாட்டு, வாஃபிள் சுடுகிற வேலை இல்லை" என்றேன். சுவாரசியமாக இருக்கிறது என்றார்.

இந்த நேரத்தில்தான் சுகன்யா வந்தாள்.

ஒஸ்லோவில் பிறந்தவள். புருசெத்தில் எங்கள் கட்டடத்துக்கு மூன்று கட்டடம் தள்ளி வீடு. தாதிப் படிப்பு. தோள் அகலம், கண் கூர்மை. முதல் நாள் மண்டபத்தில் பத்துக் கடலை எறிந்தேன், எட்டை அடித்தாள். என் வாழ்க்கையில் அப்படி ஒருத்தியை நான் காணவில்லை. மே மாதம் வெளியே போனதும் பயிற்சியில் அவள் அடித்த பந்துகளைத் தேடிக் காட்டுக்குள் போக ஆள் வைக்க வேண்டி வந்தது. ஆட்டம் என்று வந்தால் மட்டும் ஒன்றும் இல்லை. தளத்தில் யாரும் நின்றால் உடனே பண்ட். அவளுடைய முறை இல்லாவிட்டாலும் பண்ட். அணித்தோழி இங்கிரிட்டுக்குப் பரீட்சை, நான் அவளுடைய முறையை எடுக்கிறேன் என்பாள். இன்னொருத்திக்கு முதுகு நோவு, அதையும் நானே எடுக்கிறேன் என்பாள். இரண்டாவது வருடம் யூன் மாதம் பட்டியலைப் பார்த்தேன். மற்றப் பெயர்களை வெட்டி ஏழு இடத்தில் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

ஆர்னே அவளை வட்டத்தில் புகழ்ந்தார். அணி உணர்வுக்கு உதாரணமாம். எல்லாரும் கை தட்டினார்கள்.  எங்கள் பெண் பிள்ளைகள் விட்டுக்கொடுத்தால் மெச்சுவதற்கு ஊரில் ஆட்கள் போதாதென்று இங்கேயும் ஒருவர் கிளம்பிவிட்டாரே என்று எனக்கு இருந்தது.

அன்று ரி-பானவில் வீட்டுக்குப் போகும்போது பிடித்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் எப்போதும் ஒரே ரயிலில்தான் போவோம்.

"என்ன பிள்ளை இது? ஏழு பேற்றை முறையை ஏன் வாங்கினனீ? உன்ரை கைக்கு என்ன வருத்தம்?"

"அவையளுக்கு ஏலாது எண்டவை, அன்ரி."

"இங்கிரிட்டுக்கு ஏலாதோ? அவள் நேற்று மலை ஏறிப்போட்டு வந்தவள்."

ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பண்ட் பிடிச்சு அவுட் ஆனா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம், அன்ரி. கை தட்டுவினம். வீசி மிஸ் பண்ணினா எல்லாரும் என்னைப் பாப்பினம். எனக்கு அது ஏலாது. Landslag-க்கு ஆக்கள் எடுக்கினமாம் எண்டு இங்கிரிட் சொன்னவள். எனக்கு ஆசைதான். ஆனா பயமாக் கிடக்கு."

லான்ட்ஸ்லாக் என்றால் தேசிய அணி. அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குத் தேர்வாளர் வருகிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். அவரைக் கூப்பிட்டதே நான்தான். ஒரு நல்ல அடி, ஒன்றே ஒன்று அவர் கண்ணில் பட்டால் போதும், இவள் போய்விடுவாள். இதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அந்த ஆட்டம் ஒரு சனிக்கிழமை பகல். தேர்வாளர் தொப்பி போட்ட ஒரு பெண், மடக்குக் கதிரையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். முதல் தடவை சுகன்யா பண்ட். இரண்டாவது தடவை பந்து வீசியவள் நாலு பந்தையும் வெளியே எறிந்ததால் அடிக்காமலே தளத்துக்குப் போனாள். தேர்வாளர் இன்னும் ஒன்றும் காணவில்லை. கடைசிச் சுற்று வந்தது. நாங்கள் ஓர் ஓட்டம் பின்னால். எங்கள் பிள்ளைகள் இருவர் தளங்களில் நிற்கிறார்கள், யாரும் ஆட்டமிழக்கவில்லை. மட்டை பிடிக்க வருகிறவள் சுகன்யா.

ஆர்னே மூன்றாம் தளத்துப் பக்கம் நின்று தொப்பியின் விளிம்பைத் தொட்டார். பண்ட். ஏன்? பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. அதுவும் அவளுடைய முறை அல்ல, இங்கிரிட்டிடம் வாங்கிய முறை. நான் முதல் தளத்துப் பக்கம் நின்றேன். சுகன்யாவின் கை மட்டையில் மேலே நகரத் தொடங்குவதைப் பார்த்தேன். பண்ட் பிடிக்கப்போகிறவளின் கை அப்படித்தான் நகரும். அந்தக் கணத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அடி!" என்று கத்தினேன். "அடி பிள்ளை! அடி!"

தமிழில் கத்தினால் யாருக்கு விளங்கும் என்ற துணிவு. இருபது வருடமாக பஸ்ஸிலும் கடையிலும் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பற்றியே தமிழில் கதைத்துப் பழகிய துணிவு.

அவள் என்னைப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கினாள். முன் கால் மெதுவாக வந்தது, இடுப்பு திரும்பியது, வீசினாள். அந்த வருடத்தின் மிகச் சிறந்த அடி அது, இன்றும் சொல்வேன். பந்து தலை உயரத்தில் நேராகப் பறந்து, எதிரணிக்காரி ஒருத்தி தற்செயலாக நீட்டிய கையுறைக்குள் போய் இருந்துவிட்டது. ஒரு முழம் இந்தப் பக்கம் போயிருந்தால் இரண்டு ஓட்டம். இரண்டாம் தளத்தில் நின்றவள் அடிச் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கியிருந்தாள். பந்து நேரே பிடிபட்டால் தளத்துக்குத் திரும்ப வேண்டும்; முடியவில்லை, அவளும் அவுட். அடுத்தவள் வானத்துக்கு ஒன்றை உயர்த்திக் கொடுத்தாள், மூன்று அவுட்டோடு சுற்று முடிந்தது. தோற்றோம்.

வட்டமாக இருந்தோம். தேர்வாளரும் மரியாதைக்காக வந்து ஓரத்தில் நின்றார். ஆர்னே கோப்பி ஊற்றினார். "கடைசிச் சுற்றைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

 எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். தலைமைப் பயிற்சியாளரின் சைகையை ஆட்டத்தின் நடுவில் மீறிய உதவிப் பயிற்சியாளர், அதுவும் வெளியாள் ஒருவரின் முன்னால், என்று ஒரு நினைப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அது என்னுடைய பிழை" என்றாள் சுகன்யா, நல்ல நோர்வே மொழியில். "சைகையைப் பார்த்தேன். ஆனால் எனக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது."

தேர்வாளர் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

பிறகு ஒவ்வொருவராக நல்ல விஷயம் சொன்னார்கள். இங்கிரிட் சுகன்யாவின் அடி அழகாக இருந்தது என்றாள். சொல்லிவிட்டு ஏனோ என்னைப் பார்த்தாள். என் முறை வந்தது. "புல் காய்ந்திருந்தது" என்றேன். "போன வாரத்தை விட நன்றாகக் காய்ந்திருந்தது."

இரண்டு வாரத்தில் தேசிய அணியின் பெயர்கள் வந்தன. சுகன்யா இல்லை. காரணம் ஒற்றை வரி: திறமை உண்டு, சைகைக்குக் கட்டுப்படவில்லை. அதை வாசித்த அன்றே ஆர்னேயின் அறைக்குப் போனேன். கதவைக் கூடத் தட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆறு வருடமாக நீ கடலை எறிகிறாய். ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லைக் கத்துகிறாய். அணியில் அந்தச் சொல் தெரியாதவர் யார்? இங்கிரிட் வீட்டில் தன் நாய்க்குப் பந்து எறியும்போதும் அதைத்தான் கத்துகிறாளாம்."

 இரகசியம் என்று நினைத்து நான் கத்திய சொல் அந்த மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் புல்லைப் பற்றிச் சொன்னேன்.

"தெரிந்துமா பேசாமல் இருந்தாய்? அந்தப் பிள்ளையின் இடம் போய்விட்டதே!"

"நீ சொல்வாய் என்று இருந்தேன். அது நீ சொல்ல வேண்டிய விஷயம். அவள் தன் பிழை என்று எல்லார் முன்னாலும் சொன்ன பிறகு அவளை நான் பொய்க்காரி ஆக்க முடியுமா?"

இந்த மனிதர்களின் மரியாதை இருக்கிறதே! ஒரு பிள்ளை கண் முன்னால் விழுகிறது, இவர் எல்லாருக்கும் போதிய இடம் விட்டுக்கொண்டு கோப்பி குடிக்கிறார். நன்றாகக் கத்தினேன். முழுக்கக் கேட்டார். பிறகு அப்போதே தேர்வாளருக்குத் தொலைபேசி எடுத்தார், என் முன்னாலேயே. பெயர்கள் பதிவாகி அனுப்பப்பட்டுவிட்டன, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கத்துவதற்கு என்னிடம் யாரும் மிஞ்சவில்லை, நான் மட்டும்தான்.

அன்று பின்னேரம் கல்லூரிக்குப் பக்கத்து நிலையத்தில் சுகன்யா நின்றாள். மேடையில் ஆட்கள் நிறைய. பக்கத்தில் போய், ஆர்னேயிடம் சொல்லிவிட்டேன், தேர்வாளருக்கும் சொல்லியாயிற்று, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன்.

"பரவாயில்லை அன்ரி" என்றாள். முகத்தில், பண்ட் பிடித்து அவுட் ஆகி வரும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"பரவாயில்லை எண்டு சொல்லாதை!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். "உனக்குப் பரவாயில்லையோ? உண்மையாச் சொல்லு!"

 பையைத் தூக்கி நிலத்தில் போட்டாள்.

"இல்லை! பரவாயில்லை எண்டு இல்லை! நான் உங்களுக்காண்டித்தான் சொன்னனான். நீங்கள் உடனை, இல்லை, நான்தான் அடிக்கச் சொன்னனான் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். நீங்கள் புல்லைப் பற்றிக் கதைக்கிறியள்! இரண்டு வருஷமா, விட்டுக்குடுக்காதை, விட்டுக்குடுக்காதை எண்டு என்ரை உயிரை எடுத்தனீங்கள். நான் விட்டுக்குடுத்த நேரம் வாங்கி வைச்சுக்கொண்டு பேசாமல் இருந்தது ஆர், அன்ரி? ஆர்?"

நல்ல சத்தமாக. தமிழிலும் நோர்வே மொழியிலும் மாறி மாறி. மேடை முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது, அவள் ஒருவரையும் பொருட்படுத்தவில்லை. விட்டுக்கொடுத்தால் மெச்சுகிற மற்ற அன்ரிமாரையும் விடவில்லை, ஆர்னேயையும் விடவில்லை, ஏழு முறையைத் தந்தவர்களையும் விடவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப என்னிடம்தான் வந்தாள். புருசெத் ரயில் ஒன்று வந்து போனது. இரண்டாவதும் போனது.  எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். வெட்கத்தில் காது சுட்டது. அதற்கு நடுவிலும், கடைசியில் இவள் விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைத்து என்ன.

மூன்றாவது ரயில் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். வழக்கமாக எனக்கும் சேர்த்து இடம் பிடிப்பாள். அன்று ஜன்னலோர ஆசனத்தில் இருந்து, பக்கத்து ஆசனத்தில் பையை வைத்தாள். கதவு மூடியது. நான் அடுத்த ரயிலுக்கு நின்றேன்.